துரை வீட்டு நாயின் கள்ளச் சீனி

மலாயாவின் அவசரகாலத்தில் நான் எழுதி அனுப்பி, அச்சேறாமல் போன செய்திகளில் இது ஒன்று. ஆசிரியர் அதைக் கிழித்துப் போடவில்லை. இழுப்பறையில் வைத்துக்கொண்டு, அலுவலகத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒரு நாயின் சிறுநீரில் சீனி இருந்ததற்காக ஒரு சமையல்காரரைப் பிடித்துப் போகப் போலீஸ் வந்தது என்பதுதான் செய்தி.

நான் அப்போது மலாக்கா பட்டணத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகைக்கு நிருபர். கோர்ட்டு, துறைமுகம், கோயில் திருவிழா, லாரி விபத்து எல்லாம் என் பொறுப்பு. ஓய்வு நாளில் பத்து பெரண்டாம் என்ற ஊர் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, செம்மண் சாலை பிரியும் இடத்தில் இறங்கி, அக்கா வீட்டுக்கு நடப்பேன். அக்காவின் கணவர், என் மச்சான், அங்கே ஒரு ரப்பர் தோட்டத்தில் டிரெசர். டாக்டர் எப்போதாவதுதான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல் மருந்து, புண்ணுக்குக் கட்டு, பிரசவம், பல் பிடுங்குவது அத்தனையும் டிரெசர்தான். தோட்டத்து ஆட்கள் அவரை ஐயா என்பார்கள். அக்கா 'இந்த மனுசன்' என்பாள்.

ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளான லயத்தையும் அக்கா வீட்டையும் சுற்றி முள்கம்பி வேலி இருந்தது. உள்ளே வருகிறவனை வாசலில் ஒரு தடவை தடவிப் பார்ப்பார்கள். வெளியே போகிறவனை இரண்டு தடவை. காட்டுக்குள் பதுங்கிச் சண்டை போடும் கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்ச் சேரக்கூடாது என்பது சர்க்கார் திட்டம். அரிசி, சீனி, பால் டின் எதுவும் வாசலைத் தாண்டக்கூடாது. ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போக முடியாது. வீட்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்ததற்கு மேல் ஒரு பிடி சீனி யாரிடம் இருந்தாலும், அது காட்டுக்குப் போக ஒளித்து வைத்த சீனி. வைத்திருந்தவனை விசாரணை இல்லாமல் உள்ளே போடலாம். கப்பல் ஏற்றி இந்தியாவுக்கும் அனுப்பலாம்.

இந்த நிலையில்தான் தோட்டத்து மானேஜரான வெள்ளைக்காரத் துரையின் வீட்டு நாய்க்குச் சர்க்கரை வியாதி வந்தது.

பழுப்பு நிறம், தொங்கு காது, பெண் நாய். குளிக்கும் தொட்டித் தண்ணீரை எல்லாம் குடித்தது. தின்னத் தின்ன இளைத்தது. கம்பளத்தில் ஈரம் செய்தது. ஈரம் செய்த இடத்துக்கெல்லாம் எறும்பு வந்தது. துரையின் மனைவி துரைசானி அதைக் காரில் ஏற்றிப் பட்டணத்து மிருக டாக்டரிடம் கொண்டுபோனார். அவர் வியாதியின் பெயரைச் சொல்லி, தினமும் காலையில் இன்சுலின் ஊசி போட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். தோட்டத்தில் ஊசி பிடிக்கத் தெரிந்த கை ஒன்றுதான் இருந்தது.

மச்சான் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டு முடிந்து ஆட்கள் மரத்துக்குப் போனதும் சைக்கிளில் பங்களா மேட்டுக்கு ஏறுவார். மண்ணெண்ணெயில் ஓடும் ஐஸ்பெட்டியில் மருந்து. துரைசானி நாயின் தலையைப் பிடித்துக்கொள்வார். பிடரித் தோலைத் தூக்கி மச்சான் குத்துவார். அது சுலபமான பகுதி. நாயின் சிறுநீரைப் பிடித்துச் சோதிப்பதுதான் சிரமம். ரப்பர் மரத்தில் பால் வடிய வைக்கிற மங்கு ஒன்றை ஒரு நீளக் குச்சியின் முனையில் கட்டி, மச்சான் நாயின் பின்னால் நடப்பார். அது நின்றால் நிற்பார். அது மனம் மாறி நடந்தால் இவரும் நடப்பார். லயத்துப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியிலிருந்து இதைப் பார்ப்பார்கள்.

பிடித்ததில் சில சொட்டுகளை ஒரு நீலத் திரவத்தில் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்க வைக்க வேண்டும். சீனி இல்லாவிட்டால் நீலமாகவே இருக்கும். கொஞ்சம் இருந்தால் பச்சை. ஏற ஏற மஞ்சள், கடைசியில் செங்கல் சிவப்பு.

"மனுசனுக்கு இந்த வியாதி வந்தா 'சீனிய கொறச்சிக்க'ன்னு சொல்லி அனுப்பிடுறீங்க. நாய்க்கு வந்தா ஐஸ்பெட்டில மருந்து," என்றாள் அக்கா.

"மனுசன் சொன்னா கேட்டுக்குவான். நாய் கேக்குமா?"

"நீங்க சொல்றத நாயாச்சும் நின்னு கேக்குதே. சந்தோசப்படுங்க."

ஊசி வேலை செய்தது. சிவப்பு மஞ்சளாகி, மஞ்சள் பச்சையானது. நாய்க்கு விலா எலும்பு மறைந்தது. துரைசானி மச்சானுக்கு ஒரு டின் பிஸ்கட் கொடுத்தார். அதை வீட்டுக்குக் கொண்டுவர, வாசலில் காட்ட ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகுதான் கோளாறு. காலையில் பச்சை. சில நாள் மட்டும் சாயங்காலத்தில் செங்கல் சிவப்பு. ஊசியும் அதே அளவு, தீனியும் அதே அளவு. மச்சான் நீலத் திரவத்தைச் சந்தேகப்பட்டுப் புதிதாகக் கலக்கினார். மங்கும் வெந்நீரில் கொதித்தது. சிவப்பு போகவில்லை. யாரோ நாய்க்கு இனிப்புக் கொடுக்கிறார்கள் என்ற முடிவுக்குத் துரைசானி வந்தார். சிவப்பு வருகிற நாளெல்லாம் சமையல்காரர் மத்தியானம் வெளியே போகிற நாள் என்பதைத் துரை கவனித்தார்.

பங்களாச் சமையல்காரர் ஒல்லியாக, உயரமாக, எப்போதும் வெள்ளைச் சட்டையில் இருப்பார். தோட்டத்திலேயே பிறந்தவர். மனைவியும் நான்கு பிள்ளைகளும் லயத்தில். அவர் மத்தியானம் போனது மாரியம்மன் கோயிலுக்கு, உருமி அடிக்க. தோட்டத்து உருமி மேளக் குழுவில் உருமி அவருடையது. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றக் காலமாக இருந்தால் இருட்டிய பிறகு பழகுவார்கள். ஊரடங்கு வந்த பிறகு இருட்டில் யாரும் வெளியே நிற்க முடியாது என்பதால், பழக்கத்தை மத்தியான வேலை முடிந்ததும் வைத்துக்கொண்டார்கள். மேளம் சூடு பிடித்துவிட்டால் சமையல்காரருக்குத் துரையின் நாலு மணித் தேநீர் மறந்துபோகும். துரை பங்களா வராந்தாவில் நின்று கத்துவார். அந்தக் குரல் லயம் வரைக்கும் வரும். "மணி நாலே கால் ஆச்சுடி, தண்ணி வந்திருக்கும்," என்று பெண்கள் குடத்தை எடுப்பார்கள்.

துரைக்குத் தமிழ் தெரியும். வெள்ளைக்காரத் துரைமார் எல்லாரும் பரீட்சை எழுதிக் கற்றுக்கொண்ட தமிழ் அது. அவர் மச்சானை ஆபீசுக்குக் கூப்பிட்டு, தன் யோசனையைத் தமிழிலேயே சொன்னார். மச்சான் வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டினார்.

"டிரெசர், கேளு. பங்களாவில் சீனி டப்பா பூட்டி இருக்குது. சாவி அம்மாகிட்டே இருக்குது. டப்பாவில் சீனி குறையுது இல்லே. ஆனா நாய்க்குள்ளே சீனி இருக்குது. அப்போ இந்தத் தோட்டத்தில் வேற சீனி இருக்குது. ஒளிச்சு வச்ச சீனி. குசினிக்காரன் அங்கே போறான், சீனி திங்கறான், நாய்க்கும் குடுக்கறான். எங்கே இருக்குது அந்தச் சீனி?"

குறை சொல்ல முடியாத யோசனை. ஒரு படிதான் தப்பு. அந்தப் படியை யாரும் பார்க்கவில்லை.

லயத்தில் வீடு வீடாகச் சோதனை நடந்தது. போலீஸ் அரிசிப் பானையில் கை விட்டுத் துழாவியது; கோழிக்கூட்டைத் தூக்கிப் பார்த்தது; கோயிலில் அம்மன் பீடத்தின் பின்னாலும் டார்ச் அடித்தது. கள்ளச் சீனி கிடைக்கவில்லை. கிடைக்காதது துரையின் சந்தேகத்தை இன்னும் பெரிதாக்கியது. அவ்வளவு நன்றாக ஒளித்து வைத்திருக்கிறான் என்று அர்த்தம். திங்கட்கிழமைக்குள் சமையல்காரர் இடத்தைக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் இன்ஸ்பெக்டர் வந்து அழைத்துப் போவார் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சனிக்கிழமை நான் தோட்டத்தில் இருந்தேன். சமையல்காரர் காலையிலேயே அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நின்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ஐயா, எனக்கு எந்தச் சீனியும் தெரியாது. நான் என்னத்தக் காட்டுவேன்?"

சமையல்காரர் நாய்க்கு ஏதோ கொடுக்கிறார் என்றுதான் மச்சானும் நினைத்திருந்தார். அக்கா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"அண்ணே, நான் சொல்றதக் கேளுங்க. உங்க வீட்டுச் சீனியில கொஞ்சம் எடுத்து நாய்க்குக் குடுத்தேன்னு சொல்லிடுங்க. வேல மட்டுந்தான் போவும். இல்ல இல்லன்னு நின்னீங்க, ஆளே போயிடுவீங்க."

"குடுக்கலியேம்மா."

"குடுக்கலதான். சும்மா சொல்லுங்க."

"என் புள்ளைங்களுக்கே கருப்புக் காப்பிக்குப் பத்தல, நாய்க்குக் குடுத்தேன்னு சொன்னா எம் பொண்டாட்டி என்னை விடுவாளா? போலீஸ்கூட கதவத் தட்டிட்டு வருவான்."

எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. பிறகு அவர் மச்சானைப் பார்த்து, "இந்தியாவுக்கு அனுப்பிட்டா அங்க யாரு வூட்டுக்குப் போறது ஐயா? எனக்கு ஒரு ஊர்ப் பேருகூடச் சரியாத் தெரியாது," என்றார்.

மச்சானுக்கு ஒரு யோசனை தோன்றியது. உண்மையைச் சொன்னால், சமையல்காரரைக் கையும் களவுமாகப் பிடிக்கும் யோசனைதான். நாயை அன்று முழுவதும் தோட்டத்து ஆஸ்பத்திரியில் கட்டிப் போடுவது. தீனியைத் தன் கையால் அளந்து வைப்பது. வேறு யாரும் கிட்டே வரக்கூடாது. சாயங்காலம் பச்சையாக இருந்தால், சமையல்காரர் குற்றவாளி.

துரைசானி சம்மதித்தார். நாய் வந்தது. மருந்து மேசைக் காலில் கட்டினோம். மத்தியானச் சோதனையில் பச்சை. மச்சான் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

நாலு மணி வாக்கில் கோயில் பக்கத்திலிருந்து உருமி எழுந்தது. ஒரு பக்கத்தைக் குச்சியால் அடித்து, மறுபக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கிற வாத்தியம் அது. தேய்க்கும்போது வயிற்றுக்குள்ளிருந்து உறுமுகிற சத்தம் வரும். அதே நேரத்தில் துரையின் கார் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. தேநீர் இல்லை, சமையல்காரன் இல்லை, நாயும் இல்லை, இது வீடா சத்திரமா என்று துரை வாசலில் நின்று கத்தினார். மச்சான் எழுந்து நின்று "சரி துரை, சரி துரை" என்றார். கார் போயிற்று. நாய் மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மங்கில் சிறுநீர் பிடித்தோம். கொதிக்க வைத்தார். செங்கல் சிவப்பு.

மச்சான் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கதவருகில் நின்ற அக்காவைப் பார்த்தார்.

"நீ ஏதாச்சும் குடுத்தியா?"

"ஆமா. அதிரசம் சுட்டுக் குடுத்தேன். எனக்கு நீங்க அளந்து குடுக்கிற சீனியில அதிரசம் வேற சுடுறேன்." அக்கா முந்தானையை உதறினாள். "கதவுல காவல் இருந்தது யாரு? நானா?"

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, தான் டிரெசர் வேலைக்குப் படித்த காலத்தில் கேட்ட ஒரு பாடத்தை நினைவுபடுத்தி, படிக்கட்டில் உட்கார்ந்து எங்களுக்குச் சொன்னார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன்.

உடம்புக்குள் ஒரு சீனிக் கிடங்கு உண்டு. அது ஈரல். தின்றதில் மிஞ்சிய சீனியை ஈரல் மாவு போல மாற்றி அடுக்கி வைக்கிறது. அதற்குக் கிளைகோஜன் என்று பெயர். அடுக்கச் சொல்லுகிற கிராணி, அதாவது கணக்குப்பிள்ளை, இன்சுலின். வியாதிக்கார நாய்க்குச் சொந்தக் கிராணி இல்லாததால் சரக்கு உள்ளே போகாமல் ரத்தத்திலேயே அலைந்து சிறுநீரில் வழிகிறது, கிடங்கோ காலி. ஊசி போட்டால் வாடகைக் கிராணி வருகிறார், கிடங்கு நிரம்புகிறது, சிறுநீர் தெளிகிறது. நாய் தேறியதற்கு அதுதான் காரணம்.

சிறுநீரகத்தின் தலையில் இரண்டு சின்னச் சுரப்பிகள் உண்டு. பயம் வந்தால் அவை ஒரு சாற்றை விடும். ஓடவோ கடிக்கவோ பலம் வேண்டுமே, அதற்காக அந்தச் சாறு கிடங்குக் கதவை உடைத்து மூட்டைகளைத் தெருவில் எறியும். நல்ல நாயாக இருந்தால், பயம் தெளிந்ததும் சொந்தக் கிராணி மூட்டைகளைத் திரும்ப உள்ளே அடுக்கிவிடுவார். இந்த நாய்க்கு இருப்பது காலை ஊசியில் வந்த வாடகைக் கிராணி. நாலு மணிக்கு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். தெருவில் கிடக்கிற சீனியை அள்ள ஆள் இல்லை.

"அப்ப போலீஸ் தேடுற கள்ளச் சீனி நாய் வயித்துக்குள்ள இருக்கு," என்றாள் அக்கா.

"வயித்துல இல்ல. ஈரல்ல."

"எங்கயா இருந்தா என்ன. அங்க போயி டார்ச் அடிக்கச் சொல்லுங்க."

நாய் எதைப் பார்த்துப் பயந்தது என்பதில் மச்சானுக்குச் சந்தேகமே இல்லை. உருமி. சிவப்பு வந்த நாளெல்லாம் மேளம் பழகிய நாள். உறுமுகிற சத்தம் கேட்டு, நாய் புலி என்று நினைத்திருக்கும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அக்காவும் தலையாட்டினாள். மச்சான் உடனே பங்களாவுக்குப் போய்த் துரையிடம் சொன்னார். துரை சிரித்தாராம்.

"மேளம் அடிச்சா நாய்க்குள்ளே சீனி வருதா? அப்போ நாளைக்கு நாதஸ்வரம் ஊதுங்க, பால் டின் வரும்."

ஆனால் துரைசானி விடவில்லை. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் வரும்போது அவர் கண் முன்னாலேயே செய்து காட்டட்டும் என்றார். சிவப்பு வந்தால் சமையல்காரர் வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால் இன்ஸ்பெக்டரோடு போகலாம். துரை ஒத்துக்கொண்டார்.

திங்கட்கிழமைக்கு நான் விடுப்புச் சொல்லிவிட்டு அங்கேயே தங்கினேன். மத்தியானம் பங்களா வராந்தாவில் மேசை போட்டு, ஸ்பிரிட் விளக்கு, குழாய்கள், நீலப் புட்டி எல்லாம் வைத்திருந்தது. இன்ஸ்பெக்டர் நடுவயது மலாய்க்காரர், பிரம்பு நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். துரைசானியின் காலடியில் நாய். துரை என்னைப் பார்த்து, "இது யார்?" என்றார்.

"நம்ம மச்சினன், துரை. கூடமாட உதவிக்கு," என்று மச்சான் குச்சியை என் கையில் கொடுத்துவிட்டார். கவர்னர் பேச்சுக்குக் குறிப்பெடுத்த கை. அன்று அந்தக் கையில் மங்கு கட்டிய குச்சியோடு புல்தரையில் நாயின் பின்னால் போனேன். நாய் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாம் முறை இரக்கப்பட்டது. பச்சை. இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்துத் தலையசைத்தார்.

சமையல்காரர் உருமியை மாட்டிக்கொண்டு புல்தரையில் வந்து நின்றார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் உருமி, முகத்தில் ரத்தமே இல்லை. மச்சான் கையைக் காட்டினார். மெதுவாக ஆரம்பித்த அடி ஏறியது. வளைந்த குச்சி தோலில் தேய்ந்து உறுமல் எழுந்தது. பயத்தாலோ என்னவோ, திருவிழாவில்கூட அவர் அவ்வளவு நன்றாக அடித்து நான் கேட்டதில்லை.

நாய் எழுந்தது. காதைத் தூக்கியது. நேராகச் சமையல்காரரிடம் போய், உருமியை முகர்ந்து, அவர் பாதத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. வால் புல்லில் தட்டிக்கொண்டிருந்தது. தாளத்துக்குத் தட்டியது என்று எழுத ஆசைதான், அப்படி இல்லை.

"தினம் எலும்பு போடுற கை ஐயா," என்று சமையல்காரர் அடிப்பதை நிறுத்தாமல் அழுகிற குரலில் சொன்னார். "என்னைப் பார்த்து அது எப்படிப் பயப்படும்?"

அடித்து அடித்து அவர் சட்டை நனைந்தது. மச்சான் போதும் என்றார். காத்திருந்தோம். மறுபடி நான், குச்சி, நாய். கொதிக்க வைத்தார். பச்சை. காலையில் ஊறவைத்த பச்சைப்பயறு போல நல்ல பச்சை.

இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். சமையல்காரர் உருமியைக் கழற்றி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

துரை கத்த ஆரம்பித்தார். தமிழில் ஆரம்பித்து, அது பற்றாமல் மலாய்க்குப் போய், அங்கேயும் இடம் போதாமல் இங்கிலீசுக்கு வந்தார். டிரெசர் பொய்யன், குசினிக்காரன் திருடன், குச்சி வைத்திருக்கிறவன் யார் என்றே தெரியவில்லை, ஒரு தோட்டமே சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறது என்றார். மேசையில் அடித்தார். நீலப் புட்டி உருண்டது. கூரையில் இருந்த மைனாக்கள் பறந்தன.

நான் துரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அவரைத்தான் பார்த்தோம். மச்சான் மட்டும் கீழே பார்த்தார். நாய் துரைசானியின் நாற்காலிக்கு அடியில் போய்த் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. கண் விரிந்திருந்தது.

மச்சான் இன்ஸ்பெக்டரிடம் போய், மலாயில், மிகவும் பணிவாக, "துவான், ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகலாமே," என்றார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார். கைதாகப் போகிறவரே உள்ளே போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். இன்ஸ்பெக்டர் நன்றாக இருக்கிறது என்றார்.

அந்தத் தேநீரை மனிதர் எவ்வளவு மெதுவாகக் குடித்தார் என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். நாய் வெளியே வர மறுத்தது. துரைசானி கொஞ்சிக் கொஞ்சிப் புல்தரைக்கு நடத்தினார். நான் பின்னால் போனேன். குச்சி பிடிக்கும் கை தேறியிருந்தது.

மச்சான் விளக்கை ஏற்றினார். நீலம் கலங்கியது, பச்சையானது, நிற்காமல் மஞ்சளுக்குப் போயிற்று. அடியிலிருந்து செங்கல் நிறம் எழுந்து குழாய் முழுவதும் பரவியது.

"ஆங்! மேளம்!" என்றார் துரை. "மேளம் லேட்டா வேலை செய்யுது."

"இல்ல துரை," என்றார் மச்சான். அவர் நெற்றியில் வியர்வை. "மேளத்துக்குப் பச்சைதான். அப்புறந்தான் சிவப்பு."

"அப்புறம் என்னா நடந்தது?"

மச்சான் விளக்கை அணைத்தார். தேவைக்கு மேல் கவனமாக அணைத்தார். சமையல்காரர் உருமியைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் காலிக் கோப்பைக்குள் பார்த்தார்.

"அப்புறம் நீங்கள் பேசினீர்கள்," என்றார் துரைசானி ஆங்கிலத்தில்.

அப்போதுதான் எனக்கும் விளங்கியது. சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு சத்தம் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் ஒன்றைத்தான் கேட்டோம். மேளம் பழகிய நாளில் தேநீர் தாமதம். தேநீர் தாமதமான நாளில் துரை கத்துவார். அது நாய்க்கு மட்டும்தான் சத்தம். எங்களுக்கு அது குழாயில் தண்ணீர் வரும் நேரம். துரை கத்துவதைத் தோட்டத்தில் யாரும் ஒரு காரணமாக எண்ணியதே இல்லை. மழையை எப்படி எண்ணுவோமோ அப்படித்தான்.

துரையின் முகம் மறுபடி சிவந்தது. வாயைத் திறந்தார். நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. துரைசானி ஒரு விரலைத் தூக்கினார். துரை வாயை மூடினார். பிறகு, அந்தத் தோட்டம் அதுவரை கேட்டிராத ஒரு குரலில், ஏறக்குறைய ரகசியமாக, "அப்போ அந்தச் சீனி எங்கே இருக்குது?" என்று கேட்டார்.

மச்சான் குனிந்து, நாயின் வலது விலாவுக்குக் கீழே விரலை வைத்துக் காட்டினார்.

இன்ஸ்பெக்டர் அந்த இடத்தைச் சிறிது நேரம் பார்த்தார். அதைச் சோதனை போடத் தன்னிடம் உத்தரவு இல்லை என்று மலாயில் சொன்னார். தேநீருக்கு நன்றி சொன்னார். சமையல்காரரிடமும் தனியாக ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார், தனியாக.

சமையல்காரர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். அன்றுதான் அவர் உட்கார்ந்து நான் பார்த்தேன். மச்சான் அவர் தோளில் கை வைத்து, "போய் வூட்டுல சொல்லுங்க," என்றார்.

"சொல்றேன் ஐயா. ஆனா எப்படிச் சொல்றது? தொரை போட்ட சத்தத்துல நான் தப்பிச்சேன்னா?"

"அப்படியே சொல்லுங்க. நிசம் அதுதானே."

அந்த வாரத்திலிருந்து பங்களாவில் கத்தக்கூடாது என்று துரைசானியின் சட்டம். துரை கோபம் வந்தால் சாடை காட்டினார். ஆபீசில் வழக்கம்போலக் கத்தினார். அங்கே நாய் இல்லை. லயத்துப் பெண்கள்தான் சில நாள் தண்ணீரைத் தவறவிட்டுத் திண்டாடினார்கள். நாயின் சோதனைக் குழாய் பச்சையிலேயே நின்றது.

சமையல்காரர் மறுநாள் நாலு மணிக்கு, நிமிஷம் பிசகாமல், தேநீர்த் தட்டோடு வராந்தாவில் நின்றார். கத்த முடியாத மனிதரைச் சோதிப்பது பாவம் என்று அக்காவிடம் சொன்னாராம். திருவிழாவுக்கு முந்தைய வாரம் மேளம் சூடு பிடித்தது. நாலே கால் ஆயிற்று, நாலரை ஆயிற்று. கோயில் வாசலில் அவர் கண்ணை மூடிக்கொண்டு உருமியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பங்களா மேட்டில், வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, துரை வாயைத் திறந்து திறந்து மூடுவது கீழே நின்ற எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

"ஐயோ பாவம், போங்கண்ணே," என்றாள் அக்கா.

"இதோம்மா," என்றார் அவர். "இந்த ஒரு அடி முடியட்டும்."